கண்ணாடி எந்த வடிவத்திலும் கூடாது

கோட்டையூர் ரோட்டில் என் சோடா கம்பெனி.
கம்பெனி என்றால் ஒரு ஷெட், ஒரு காஸ் சிலிண்டர்,
முந்நூற்றுப் பத்துக் கோலி பாட்டில், நான்.
போன வருஷம் முந்நூற்று நாற்பது இருந்தது.
கல்யாண வீடுகள் திருப்பித் தருவதில்லை.

உமையாள் ஆச்சி ஸ்கூட்டரை அணைக்காமலே கேட்டார்:
“இருதயம், ரெண்டு கிரேடு பன்னீர் சோடா.
கப்பலுக்கு.”

மெட்ராஸில் ஏற்றி, அஞ்சு ராத்திரி சுற்றிக் காட்டி
மெட்ராஸிலேயே இறக்கி விடுவார்களாம்.
அதற்கு எதற்குப் போகணும் என்று நான் கேட்கவில்லை.
வியாபாரம்.

மறுநாள் சேவுகன் அண்ணன் ஒரு தாளோடு வந்தார்.
கப்பல்காரன் போட்ட நிபந்தனை.
மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது.
ஆளுக்குப் பன்னிரண்டு டின்.
டின் மட்டும், மூடி உடையாமல்,
ஏறுகிற அன்று, கையில் தூக்கிக்கொண்டு.
கண்ணாடி எந்த வடிவத்திலும் கூடாது.

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.
நான் கோலியைப் பார்த்தேன்.
அதுவும் கண்ணாடி, அது குடியிருக்கிற வீடும் கண்ணாடி.

உள்ளே ஒரு கோலா முந்நூற்று இருபதாம்,
அதன் தலையில் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பதினெட்டு.
அண்ணன் என் கல்லா மேல் ஈர விரலால் எழுதினார்:
ரெண்டு பேர், நாளைக்கு ரெண்டு, அஞ்சு நாள்.
ஏழாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்திரண்டு.
எழுதியது காய்ந்த பிறகும்
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் இருபத்துநாலு டின் கோலா வாங்கிப் போகலாமே என்றேன்.
“அது இருமல் மருந்து” என்றார் ஆச்சி.
சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்குப் பன்னீர்தான் கேட்கும்.

சரி, சோடா இங்கே இருக்கட்டும்,
வாசனை மட்டும் ஏறட்டும் என்று
பழைய கண்மருந்துக் குப்பியைக் கொதிநீரில் அலசி
எசன்ஸ் நிரப்பிக் கொடுத்தேன்.
ஒரு கிளாஸுக்கு மூணு சொட்டு.
தண்ணீர் அங்கே ஓசி, சீனியும் ஓசி.
“காஸ்?” என்றார் ஆச்சி.
அதற்கு என்னிடம் குப்பி இல்லை.

துறைமுகத்தில் ஒரு செக்யூரிட்டிப் பெண்
திறந்து மோந்து பார்த்து,
“சாமிக்கா?” என்றாளாம்.
“ஆமாம், வாயு பகவானுக்கு.”
போகச் சொல்லிவிட்டாளாம்.

மூன்றாம் நாள் ராத்திரி செல்லில் குரல் வந்தது.
முக்கால்வாசி காற்று இரைச்சல்.
“இருதயம், மணம் இருக்கு. இனிப்பு இருக்கு.
ஏப்பம் வரலே.”
நாலு தடவை போட்டுக் கேட்டேன்,
நடுவில் எங்காவது அலை கேட்குமா என்று.

திரும்பி வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு
ரெண்டு பேரும் ஷெட் வாசலில்.
ஆச்சி கையில் ஒரு பில்.
இறங்குகிற விடியலில் அறைக் கதவின் அடியில் செருகியிருந்ததாம்.
என்னிடம் நீட்டினார், சாட்சிக்கு.

கோலா, ஒன்பதாம் தளம், இரவு பதினொன்று நாற்பது.
கோலா, ஒன்பதாம் தளம், இரவு பன்னிரண்டு பத்து.
கோலா.
மொத்தம் ஏழு. எல்லாம் ஆச்சி தூங்கின பிறகு.

அண்ணன் ரோட்டைப் பார்த்தார்.
ஒரு வைக்கோல் லாரி போய் முடிகிற வரைக்கும் பார்த்தார்.
“ஐஸ் நிறையப் போட்டுக் குடுக்கிறான்” என்றார்.
“சுத்தியும் ஒண்ணுமே தெரியலே, இருட்டு.
அதுல அந்த டின்னைத் திறக்கிற சத்தம்…”
அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆச்சி பாட்டிலைப் பிடுங்கி
கட்டைவிரலால் கோலியை இறக்கினார்.
ஒரே மூச்சில் பாதி.
கொஞ்சம் காத்திருந்தார்.
வந்தது.
கிரேடுக்குப் பின்னால் படுத்திருந்த பூனை எழுந்து போனது.

“எவ்வளவு?”
ரெண்டு நாற்பது என்றேன்.
“சேவைக் கட்டணம்?” அண்ணனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பாட்டிலைக் கொடுங்கள், போதும் என்றேன்.
ஒன்று வந்தது.
இன்னொன்றை அண்ணன் விடவில்லை.
சோடா தீர்ந்துவிட்டது,
கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து
கோலியை உருட்டிக்கொண்டிருந்தார்,
முன்னால், பின்னால்,
முன்னால்.